டேப்லெட் வாங்கப் போறீங்களா?

மாணவர்களுக்காக மத்திய அரசு 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் வெளியிட்ட டேப்லெட் 'ஆகாஷ்'. கடைக்கு வந்த மாடல் ரூ.2,999தான்! ஆனால் ராம் 256 எம்.பி., திரையோ ரெசிஸ்டிவ். அதில் மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொட வேண்டும். லேசாகத் தடவினால் ஆகாது, அழுத்தணும். 2012 நவம்பரில் வந்த ஆகாஷ் 2-இல் ராம் 512 எம்.பி., விரல் பட்டாலே போதும் என்கிற கெபாசிட்டிவ் திரை. ஒரே வருஷத்தில் மாற்ற வேண்டியதாச்சு பாருங்க!

இப்போது திரையில் கவலை இல்லை. ராமைத்தான் பார்க்கணும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் அப்பா போனஸில் ரூ.10,000 ஒதுக்கியிருக்கிறார். பாடப்புத்தகம் படிக்க, இணையம் பார்க்க 4 ஜி.பி. போதும் என்பது என் கணக்கு. தம்பியின் கார் ரேஸுக்கு அது திணறும். அவன் முகம் வாடிப்போச்சு. சிம் போடும் மாடலுக்கு விலை கூடும். வீட்டில் போன் ஹாட்ஸ்பாட் இருக்கே, வைஃபை மாடலே வாங்குகிறோம்.