அலுப்புக்கு மருந்து போத்தலில் இல்லை

"மழையில நனைஞ்சு மலை ஏறி இறங்குற மனுசன், அலுப்புத் தீரக் கொஞ்சம் போட்டா என்ன?" லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அலுப்பும் உண்மை, கடனும் உண்மை. ஆனால் சாராயம் இரண்டையும் தீர்ப்பதில்லை.

குடி எப்படிப் பிடிக்கிறது?

முதலில் ஒரு கிளாஸில் ஆறுதல் கிடைக்கும். உடம்பு பழகியதும் அதே ஆறுதலுக்குக் கால் போத்தல், பிறகு அரைப் போத்தல் வேண்டும். கடைசியில் குடிக்காவிட்டால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. அந்த நடுக்கத்தை நிறுத்தவே மறுபடி குடிக்கிறார்கள். இது ஒரு நோய். திட்டினால் தீராது. சிகிச்சையால் தீரும்.

குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும். ஆனால் நடுச்சாமத்தில் விழிப்பு வந்து, காலையில் பிரட்டுக்குப் போகும்போது அலுப்பு கூடியே இருக்கும். கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மெதனோல் கலந்தால் கண் பார்வையே போகலாம்.

கவனம்!

நாள்தோறும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கும் ஆபத்து. ஆகவே நிறுத்துமுன் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் காணுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் பேசலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. குடிக்கும் ஆசை அலை மாதிரி எழும்பி அடங்கும். பெரும்பாலும் அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தால் போதும். தேத்தண்ணி குடியுங்கள், நடந்துவிட்டு வாருங்கள்.
2. வேலை விட்டதும் ஒரு ரொட்டியாவது சாப்பிடுங்கள். பசி ஆசையைக் கிளப்பும்.
3. சம்பள நாளில் வீட்டாரோடு சேர்ந்து கடைக்கடனைக் கட்டிவிட்டு, நேரே வீட்டுக்கு வாருங்கள்.
4. உடம்பு வலிக்குச் சுடுதண்ணியில் குளியுங்கள். வலி தொடர்ந்தால் மருந்து எடுங்கள்.
5. மனச்சுமையை நம்பிக்கையான ஒருவரிடம் இறக்கி வையுங்கள். கோயில் பஜனையும், பின்னேரம் பிள்ளைகளோடு பந்தடிப்பதும் மனதை இலேசாக்கும்.

வீட்டாருக்கு

வெறியில் இருக்கும்போது சண்டை வேண்டாம். காலையில் நிதானமாகப் பேசுங்கள். ஆனால் அடி உதையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

விட்டவர் ஒருநாள் மறுபடி குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று கைவிடாதீர்கள். பலருக்கும் ஒரே தடவையில் விடுபடுவதில்லை. விட்டிருந்த நாளெல்லாம் உடம்புக்கு இலாபம்தான். அடுத்த காலை மறுபடி தொடங்குவோம்.