180 கிலோ ஃப்ரிட்ஜை சாய்க்க 48 கிலோ போதும்!

ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பர்ல 'மொமென்ட்' கணக்கு போட்டிருப்பீங்க. நானும் போட்டேன், நல்ல மார்க்தான். ஆனா அது எனக்கு உண்மையில் புரிந்தது போன வருஷம், எங்க ஹாஸ்டல் மெஸ் வாசல்ல.

புதுசா நாலு கதவு ஃப்ரிட்ஜ் வந்திருந்தது. கடைகள்ல பார்க்கிற அதே ஸ்டீல் பீரோ மாதிரியான ஐட்டம். ஆள் இல்லைன்னு நாங்க மூணு பேர் பின்னாடி நின்னு தள்ளினோம். மெஸ் அண்ணன் முன்னாடி நின்னு வழி சொன்னார். முன் சக்கரம் வாசப்படியில முட்டி நின்னுச்சு. "இன்னும் கொஞ்சம் தம் கட்டு"ன்னு தள்ளினோம். ஃப்ரிட்ஜ் முன்பக்கம் சாய்ந்தது. அண்ணன் அதைக் கையால தாங்கப் பார்த்தார். எதிரே இருந்த கல் மேடையில அது போய் மோதியது, நடுவுல அவரோட வலது கை. ரெண்டு விரல் உடைஞ்சது.

இப்போ கணக்கைப் பார்ப்போம். எடை 180 கிலோ, உயரம் 2 மீட்டர், அகலம் 120 செ.மீ., ஆழம் 70 செ.மீ.ன்னு வச்சுக்கோங்க. எடை நடுவுல இருந்து இறங்குது. அதாவது முன் விளிம்பிலிருந்து 35 செ.மீ. தூரத்துல. நாம தள்ளினது நெஞ்சு உயரத்துல, 130 செ.மீ. சக்கரம் சிக்கிட்டா அந்த விளிம்புதான் கீல்.

180 × 35 ÷ 130 = சுமார் 48.

அவ்வளவுதான். 48 கிலோ விசை மூணு பேருக்கு ஒரு விஷயமே இல்லை. சாய ஆரம்பிச்சதும் தேவைப்படும் விசை இன்னும் குறையும். 19 டிகிரி தாண்டினா யாரும் தள்ளவே வேண்டாம், தானே விழும்.

அதே ஃப்ரிட்ஜை நீளவாக்கில் திருப்பி, 80 செ.மீ. உயரத்துல கை வச்சு தள்ளியிருந்தா? 180 × 60 ÷ 80 = 135 கிலோ. கிட்டத்தட்ட மூணு மடங்கு. எடை மாறல, ஆள் மாறல. திசையும் கை வச்ச உயரமும்தான் மாறுது.

அதனால நகர்த்தும் முன் இதைச் செய்யுங்க:

1. டேப் எடுத்துட்டு வழி முழுக்க ஒருமுறை நடங்க. வாசப்படி, வடிகால் மூடி, திருப்பம் எல்லாத்தையும் அளங்க. படி இருந்தா பலகை போட்டு சரிவு பண்ணுங்க.
2. உள்ளே இருக்கிற தட்டுகளை எடுத்துடுங்க. கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டுங்க.
3. நீளவாக்கில் தள்ளுங்க. கை இடுப்புக்குக் கீழே இருக்கட்டும்.
4. சரிவுல இறக்கும்போது கீழ்ப்பக்கம் யாரும் நிக்கக்கூடாது. மேலிருந்து கயிறு பிடிச்சு இறக்குங்க.
5. ஒருத்தர் குரல் மட்டும் கேட்கணும். "நிறுத்து"ன்னு மட்டும் யாரும் சொல்லலாம்.
6. சாய்ந்தா விட்டுட்டு விலகுங்க. பிடிக்காதீங்க. ஃப்ரிட்ஜை ரிப்பேர் பண்ணிக்கலாம்.

இடத்துல வச்ச பிறகு சக்கரத்தை லாக் பண்ணி, ரசமட்டம் வச்சுப் பாருங்க. வண்டியில படுக்க வச்சு கொண்டு வந்திருந்தா உடனே ஆன் பண்ணக்கூடாது. கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள போயிருக்கும், அது இறங்க சில மணி நேரம் நிமிர்ந்து நிக்கணும். சூடு வெளியேற பின்னாடி இடைவெளி விடுங்க. மெஸ் தரை எப்பவும் ஈரம், அதனால எர்த் இருக்கான்னு எலக்ட்ரீஷியனை வச்சு செக் பண்ணாம பிளக்கைத் தொடாதீங்க.

அண்ணன் ரெண்டு மாசம் கழிச்சு வேலைக்கு வந்துட்டார். தோசைக் கரண்டியை இப்போ இடது கையிலதான் பிடிக்கிறார். "பரவால்ல தம்பி, நீ படிக்கிற பையன், உனக்கென்ன தெரியும்"னார். படிக்கிற பையனுக்குத்தான் தெரிஞ்சிருக்கணும். அதுதான் இன்னும் உறுத்துது.

அடுத்த வாரம் மெஸ்ஸுக்கு பெரிய கிரைண்டர் வருது. உதவிக்கு வர்ற ஜூனியர்ஸ், வரும்போது ஒரு டேப்பும் ஒரு பலகையும் எடுத்துட்டு வாங்க.