டிவிடி மெனுவும் திறமூல பிளேயர்களும்

பழைய திரைப்பட டிவிடியைச் செருகியதும் ‘படம்’, ‘பாடல்கள்’, ‘காட்சிகள்’ எனத் திரையில் ஒரு மெனு தோன்றும். அதனை வெறும் படம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அஃது ஒரு சிறு கணினி நிரலாகும்.

மெனுவின் பின்னணி சாதாரண எம்பெக்-2 காணொளிதான். பொத்தான்களின் வடிவம், வசன வரிகளைப் போலவே, அதன்மேல் போர்த்தப்படும் துணைப்படமாக வருகிறது. நாம் அம்புக்குறியை அழுத்தும்போது புதிதாக எதுவும் வரையப்படுவதில்லை. ஒரு செவ்வகத்துக்குள் இருக்கும் நான்கு நிறங்கள் மட்டுமே மாறுகின்றன. எந்தச் செவ்வகம், அங்கிருந்து எந்தப் பொத்தானுக்குச் செல்வது, தேர்ந்தெடுத்தால் எந்தக் கட்டளையை நிறைவேற்றுவது ஆகிய விவரங்கள் காணொளிக்கு நடுவே ‘நேவ் பேக்’ எனும் சிறு பொட்டலங்களாக இருக்கின்றன. ஒரு மெனுவில் 36 பொத்தான்கள் வரை அமையலாம். ஒவ்வொரு கட்டளையும் 8 பைட் நீளமுடையது. மதிப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள 16 பொதுப் பதிவகங்களும் மொழி, ஒலி போன்ற நிலைகளுக்கு 24 அமைப்புப் பதிவகங்களும் உண்டு. ஆக, மெனுவைக் காட்ட விரும்பும் பிளேயர் தனக்குள் ஒரு கற்பனைக் கணினியைக் கட்டியாக வேண்டும்.

திறமூல உலகில் இதனை முதலில் செய்து காட்டியது ‘ஓகிள்’ என்ற பிளேயர். அதை எழுதியவர்கள் சுவீடன் நாட்டுச் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த நிரலை அடிப்படையாகக் கொண்டு உருவான ‘லிப்டிவிடிநேவ்’ நிரலகத்தைத்தான் வி.எல்.சி. பயன்படுத்துகிறது. வி.எல்.சி.யும் 1996இல் பாரிஸ் மாணவர்களின் திட்டமாகத் தொடங்கியதே! நம் இறுதியாண்டுத் திட்டங்களை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

கற்பனைக் கணினி சரியாக இயங்கியும் மெனு ஏன் தடுமாறுகிறது? சிக்கல் நேரத்தில் இருக்கிறது. பிளேயர் வட்டை முன்கூட்டியே படித்து, இடைநினைவகத்தில் சேர்த்துவிட்டுப் பிறகே காட்டுகிறது. படிக்கும் இடம் ஒன்று. நாம் பார்க்கும் இடம் வேறொன்று. திரையில் ‘பாடல்கள்’ மெனு இருக்கும்போதே கற்பனைக் கணினி அடுத்த பகுதிக்குப் போய்விட்டால், நாம் அழுத்துவது அங்கே இல்லாத பொத்தானை.

இதற்கு லிப்டிவிடிநேவ் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. தேவையான இடங்களில் அது ‘காத்திரு’ என்று சொல்லும். பிளேயர் தன்னிடம் சேர்ந்திருப்பதை எல்லாம் காட்டி முடித்த பின்னரே மேலே செல்ல வேண்டும். அடுத்து, பொத்தானை அழுத்தும் செயற்கூறு நேவ் பேக் விவரத்தைப் பிளேயரிடமே கேட்கும். கடைசியாகப் படித்ததைக் கொடுத்துவிடுவது எளிது. ஆனால் அது தவறு. நேவ் பேக்கையும் படத்தோடு வரிசையில் அனுப்பி, திரையில் தெரியும் படத்துக்கு உரியதையே கொடுக்க வேண்டும். எத்தனை அலங்காரம் செய்தாலும், இந்தத் திருத்தத்தைச் செய்யாத பிளேயரில் மெனு நம்பத்தக்கதாக இராது என்பது என் கருத்து.

அசையாத மெனுவில் வேறொரு வேடிக்கை. அதில் ஒரே ஒரு படச்சட்டம் இருக்கலாம். எம்பெக்-2 சட்டங்களை வரிசை மாற்றி அடுக்க வேண்டியிருப்பதால், அடுத்தது வரும்வரை குறிவிலக்கி முந்தியதை வெளியிடாமல் வைத்துக்கொள்ளும். அடுத்ததோ வரப்போவதே இல்லை! திரை கறுப்பாகவே நிற்கும். முடிவுக் குறியைக் கண்டதும் கையிலுள்ளதை வெளியிடும்படி பிளேயரை எழுதுவதே இதற்குத் தீர்வு.

புளூ-ரே வட்டுகளில் பல மெனுக்கள் ஜாவா நிரல்களாகவே எழுதப்பட்டுள்ளன. வி.எல்.சி. 2018இல் வெளிவந்த 3.0 பதிப்பில்தான் அவற்றுக்கு ஆதரவு தந்தது.

இத்தகைய பிழைகளில் பல, குறிப்பிட்ட வட்டில் மட்டுமே தலைகாட்டும். ஐரோப்பாவில் இருக்கும் நிரலாளரின் கையில் தமிழ்ப் பட வட்டோ நம் அக்காவின் திருமண வட்டோ எப்படிப் போய்ச் சேரும்? அவை நம்மிடம்தான் இருக்கின்றன; அவற்றைப் படிக்கும் கருவியோ புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இல்லை. மெனு வழியாக மட்டுமே எட்டக்கூடிய பகுதிகள் அவ்வட்டுகளில் இருக்கலாம். எனவே பிழையைக் கண்டால் பிளேயரின் பதிப்பு எண், அழுத்திய பொத்தான், நடந்தது, நடந்திருக்க வேண்டியது ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். பதிப்புரிமை உள்ள படத்தை அனுப்பக் கூடாது. வட்டின் அமைப்பைச் சொல்லும் ஐ.எஃப்.ஓ. கோப்புகள் மிகச் சிறியவை. பல வேளைகளில் பிழையைத் தேடத் தொடங்க அவையே போதும். குடும்ப வட்டாக இருந்தால், வீட்டாரின் சம்மதத்தோடு மெனுக் கோப்பையும் சேர்த்தே அனுப்பலாம்.