தள உயரச் சான்றிதழ்: கடைக்காரர் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் மளிகைக் கடை நடத்தும் நம்மவர்கள், வெள்ளப் பகுதியில் கட்டடம் வாங்குமுன் கேட்க வேண்டிய பத்திரம் தள உயரச் சான்றிதழ்.

அங்கு 1968-இல் அரசு வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் ஏற்பட்டது. எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவிகித வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்தை வரைபடங்களில் குறித்துள்ளனர். நம் கட்டடத்தின் தாழ்ந்த தளம் அதற்கு மேலா, கீழா, எத்தனை அடி என்பதைச் சான்றிதழ் சொல்லும். 1 சதவிகிதம்தானே என்று இருந்துவிடலாகாது. 30 ஆண்டுக் கணக்கில் அது 26 சதவிகிதம்!

பெறும் முறை:

1. பழைய சான்றிதழ் உள்ளதா என்று விற்பவரிடமும் உள்ளூராட்சி அலுவலகத்திலும் விசாரிக்கவும். கிடைத்தால் செலவு மிச்சம்.

2. இல்லையேல் உரிமம் பெற்ற சர்வேயர் அல்லது பொறியாளரைக் கொண்டு அளந்து பெறவும்.

3. நகலைக் காப்பீட்டு ஏஜெண்டிடம் கொடுக்கவும். 2021-இல் வந்த புதிய முறைப்படி பாலிசிக்கு இது கட்டாயமில்லை. ஆனால் பிரீமியம் குறைய உதவலாம்.

சரக்குக்குத் தனியே காப்பீடு எடுக்க வேண்டும். உச்சவரம்பு 5 லட்சம் டாலர். நிலவறையில் அடுக்கிய அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு ஈடு கிடையாது. பாலிசி நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாட்கள் ஆகும். ஆகவே, மழைக்காலத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நலம்.