தீராத நோயும் திடமான வாழ்வும்

நோய்கள் இருவகைப்படும். வந்து போகும் நோய் ஒன்று. வந்தபின் போகாத நோய் மற்றொன்று. விஷக் காய்ச்சல் வந்தால் மருந்துண்டு, பத்தியம் காத்து, சில நாட்களில் எழுந்துவிடுகிறோம். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மூட்டுவாதம், இழுப்பு நோய் ஆகியவை அவ்விதமானவை அல்ல. உழவர்களாகிய அங்கத்தினர்களுக்கு விளங்கும்படி கூறினால், முன்னது பயிரில் விழும் பூச்சியைப் போன்றது. பின்னது உவர் நிலத்தைப் போன்றது. பூச்சியை மருந்தடித்து ஒழிக்கலாம். உவர் நிலத்தை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஆயினும் வடிகால் வெட்டி, தழையுரமிட்டு, அதற்கேற்ற விதையைத் தேர்ந்து ஆண்டுதோறும் கவனித்து வந்தால், அந்நிலமும் நமக்குச் சோறு போடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என மதிப்பிட்டது. இத்தகைய நோயாளி டாக்டரைக் காண்பது ஆண்டில் சில தடவைகளே. அதுவும் சில நிமிஷங்களே. ஏனைய நாட்களில் எதை உண்பது, எவ்வளவு உழைப்பது, மாத்திரையை மறவாதிருப்பது எல்லாம் அவரது பொறுப்பாகின்றன. ஆகவே, தீராத நோயுடன் வாழ்வது ஒரு தொழில். மற்றத் தொழில்களைப் போல அதையும் கற்றுக்கொள்ள முடியும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

இத்தொழிலின் பகுதிகள் யாவை? அமெரிக்காவில் ஜூலியட் கார்பின், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், நாள்பட்ட நோயாளிகளின் இல்லங்களில் நிகழ்வதை ஆராய்ந்து 1980களில் எழுதினார்கள். நோயாளியின் வேலை மூன்று என்பது அவர்கள் முடிவு. முதலாவது, மருந்து, பத்தியம், பரிசோதனை ஆகிய நோயின் வேலை. இரண்டாவது, தொழிலையும் குடும்பத்தையும் நடத்தும் அன்றாட வேலை. மூன்றாவது, “நேற்றிருந்த நான் இன்று இல்லையே” என்ற துயரத்தைத் தாங்கி, தன்னைப் பற்றிய எண்ணத்தைத் திருத்தி அமைத்துக்கொள்ளும் மனத்தின் வேலை. முதல் வேலையை மருத்துவமனை கற்பிக்கிறது. மற்ற இரண்டையும் பெரும்பாலும் ஒருவரும் கற்பிப்பதில்லை.

முதல் வேலையிலும் நாம் தவறுவது உண்டு. வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்குரிய சிகிச்சையை முறைப்படி பின்பற்றுவோர் சராசரியாக 50 சதவிகிதத்தினரே என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. இதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் எனல் தகாது. ஹோவர்ட் லெவந்தால் என்னும் உளவியலாரும் அவரது துணைவர்களும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களிடம் ஆராய்ந்து 1985இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வெளிக்குறி எதுவும் காட்டாது. ஆயினும் தலைவலி, முகச்சூடு முதலிய குறிகளால் தம் கொதிப்பு ஏறுவதை அறிய முடியும் என்று நோயாளிகளில் மிகப் பலர் நம்பினர். புதிதாகச் சிகிச்சைக்கு வந்தவர்களில், இது விரைவில் தீர்ந்துவிடும் நோய் என எண்ணியவர்களே சிகிச்சையை இடையில் கைவிடும் வழக்கம் மிகுதியும் உடையவராயிருந்தனர். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மாத்திரை எதற்கு?” என்று நம் தெருவில் கேட்கும் சொல்லும் இதுவே. உவர் நிலத்தைப் பூச்சியென்று எண்ணியதால் வந்த பிழை இது.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கேட் லோரிக் என்னும் அம்மையார், ஹால்ஸ்டட் ஹோல்மன் என்னும் டாக்டருடன் சேர்ந்து, 1970களின் இறுதியில் மூட்டுவாத நோயாளிகளுக்கென ஒரு வகுப்பை உருவாக்கத் தொடங்கினார். வாரம் ஒருமுறையாக ஆறு வாரம் நடைபெறும் அவ்வகுப்பைப் பயிற்சி பெற்ற சாதாரண மக்களே நடத்தினர். அவர்களில் பலர் தாமே நோயாளிகள். வலியைத் தாங்கும் வழி, தேகப்பயிற்சி, சோர்வையும் மனக்கவலையையும் ஆளும் முறை, டாக்டரிடம் பேசும் விதம் ஆகியவை பாடங்கள். பின்னர் வந்த எல்லா நோய்களுக்குமான பொது வகுப்பில், ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரு சிறு திட்டம் வகுத்து, மறுவாரம் அதன் பலனைக் குழுவில் கூறுதல் முக்கியமாயிற்று.

அத்திட்டத்தை வகுக்கும் முறையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். “இனி நன்றாக நடப்பேன்” என்பது திட்டமாகாது. “வரும் வாரம் செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும், காலையில் தறியில் இறங்குமுன், ஏரிக்கரை வரை 15 நிமிஷம் நடப்பேன்” என்பதே திட்டம். அதன்பின், “இதைச் செய்து முடிப்பேன் என்ற நம்பிக்கை எனக்குப் பத்துக்கு எத்தனை?” என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். விடை ஏழுக்குக் குறைந்தால் திட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். பெரிய வாக்குறுதி கொடுத்துத் தோற்பதைவிடச் சிறிய செயலைச் செய்து வெல்வது மேல்.

பலன் என்ன? மூட்டுவாத வகுப்பில் பயின்றவர்களைப் பற்றிய ஆய்வொன்று 1993இல் வெளியாயிற்று. நான்கு ஆண்டுகளுக்குப் பின்பும் அவர்களது வலி சராசரியாக 20 சதவிகிதமும், டாக்டரிடம் செல்லும் தடவைகள் 40 சதவிகிதமும் குறைந்திருந்தன. அதே காலத்தில் அவர்களது உடலின் இயலாமை 9 சதவிகிதம் கூடியிருந்தது. நோய் தன் வழியே சென்றது, துன்பமோ குறைந்தது. உடற்பயிற்சியை அதிகம் செய்தவர்களே அதிகம் குணமடைந்திருப்பர் என ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்தனர். அவ்வாறு இல்லை. “என்னால் இந்நோயைச் சமாளிக்க முடியும்” என்ற நம்பிக்கை வளர்ந்தவர்களிடமே பலன் தெளிவாகக் காணப்பட்டது. ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளவியலார் 1977இல் விளக்கிய தன்திறன் நம்பிக்கை என்பது இதுவே. நாமே செய்து வெல்வதாலும், நம்மைப் போன்றவர் வெல்வதைக் காண்பதாலும் அது வளர்கிறது. பிறர் கூறும் புத்திமதியால் மட்டும் வளர்வதில்லை.

மறுபுறத்தையும் கூறுதல் நம் கடமை. இங்கிலாந்தில் அரசாங்கம் இவ்வகுப்புகளைப் பரவலாக நடத்தியபோது, 2007இல் வெளியான ஆய்வின்படி நோயாளிகளின் நம்பிக்கையும் ஊக்கமும் ஓரளவு வளர்ந்தன. ஆனால் மருத்துவ உதவியை நாடும் அளவு குறிப்பிடத்தக்கபடி குறையவில்லை. ஆதலால் இது செலவைக் குறைக்கும் மந்திரம் அன்று. மருந்துக்கு மாற்றும் அன்று. மருந்தோடு சேர்ந்து நிற்கும் துணை.

நெசவாளருக்கு உகந்த பாடம் இன்னொன்று உண்டு. குழித்தறியில் அமர்ந்து முதுகும் முழங்காலும் நொந்தவர், வலி குறைந்த நாளில் பண்டிகைக்குரிய சேலையை முடித்துவிட எண்ணி விடியல் முதல் எழாமல் நெய்கிறார். அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுகிறார். வலிக்கும்வரை உழைத்து, வலித்தபின் படுக்கும் பழக்கமே நோயாளியை நாளடைவில் முடக்குகிறது என்பதை வில்பர்ட் ஃபோர்டைஸ் என்னும் அமெரிக்க உளவியலார் 1976இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டினார். ஓய்வை நிர்ணயிக்க வேண்டியது வலியன்று, அளவு. வலி தலைதூக்குமுன் நிறுத்தக்கூடிய அளவைக் கண்டு, அத்தனை முழம் நெய்ததும் எழுந்து நடந்து, பிறகு மீண்டும் அமர்ந்து, அவ்வளவைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும். மாத முடிவில் எழுந்திருந்த நாட்களையும் படுத்திருந்த நாட்களையும் கணக்கிட்டுப் பார்த்தால், எம்முறை நன்றென்று அவரவருக்கே தெரியும்.

நம்மிடையே ஒரு பெரிய இடையூறு உண்டு. நோய் தெரிந்தால் பாவு கொடுக்கமாட்டார்கள், கூலி குறையும் என்றஞ்சி அதை மறைப்பவர் இருக்கின்றனர். மறைத்த நோய்க்குத் துணை கிடைப்பதில்லை. கடன் தொல்லையைத் தனியே சுமந்தவர்கள் ஒன்றுகூடியதால் பிறந்ததே கூட்டுறவு. அதே வழியில் நோயின் சுமையையும் பகிர்ந்துகொள்ள ஏன் கூடாது? பத்துப் பன்னிருவர் வாரம் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் கூடலாம். நோயை அனுபவித்து அறிந்த இருவர் முன்னின்று நடத்தலாம். அங்கே பேசியது வெளியே செல்லலாகாது. எவர் மருந்தையும் டாக்டரைக் கேளாமல் மாற்றச் சொல்லலாகாது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்க முற்பட்ட திட்டம். வாசலுக்கு வந்த மாத்திரையைத் தவறாமல் உண்ணும் உறுதியை வளர்ப்பது நம் போன்றோர் கூட்டத்தின் வேலை.

கூட்டத்தில் விவாதிக்கச் சில கேள்விகள்:

1. மருந்தை இடையில் நிறுத்தியவர்கள் கூறும் காரணங்கள் யாவை? அவற்றில் பூச்சியையும் உவர் நிலத்தையும் குழப்பியவை எவை?

2. வரும் வாரத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு சிறு திட்டம் கூறுக. நம்பிக்கை பத்துக்கு எத்தனை?

3. அங்கத்தினர் ஒருவர் அச்சமின்றித் தம் நோயைக் கூறுவதற்கு நம் சங்கம் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கு நிர்வாகக் குழுவினரும் விடை கூறுவார்கள் என எதிர்பார்க்கிறோம்.