நகல் எடுத்தால் திருட்டா?

"அண்ணே, கடையில ஒரு சட்டையை எடுத்தா கடைக்காரருக்கு ஒண்ணு குறையும். மென்பொருளை நகல் எடுத்தா யாருக்கு என்ன குறையும்?" வார வகுப்பில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. நல்ல கேள்விதான். சட்டத்தைக் காட்டி வாயை அடைப்பது பதிலாகாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களையும் காக்கிறது. ஆனால் பிடிபடாவிட்டால் சரியாகிவிடுமா என்பதே நம் பாடம்.

நாம் காசு கொடுப்பது தட்டுக்கு அல்ல, அதற்குள் இருக்கும் உழைப்புக்கு. கணினியில் தமிழ் தானாக முளைக்கவில்லை. நம் நாட்டு முத்து நெடுமாறன் போன்றவர்கள் 1980களிலேயே உட்கார்ந்து உழைத்தார்கள். நகல் எடுத்தால் பொருள் குறையாது, சரி. செய்தவருக்குச் சேர வேண்டிய கூலி குறைகிறதே! டியூஷன் முடிந்ததும், "உங்க அறிவு ஒண்ணும் குறையலையே சார்" என்று சொல்லிவிட்டுக் கட்டணம் கொடுக்காமல் போவோமா?

மறுபக்கமும் உண்டு. பூட்டு போடுகிறவருக்கும் தர்மம் வேண்டும். 2005இல் சோனி பிஎம்ஜி இசைத்தட்டுகளில் வைத்த நகல் தடுப்பு நிரல், வாங்கியவர்களின் கணினியில் சொல்லாமல் ஒளிந்துகொண்டது. வைரஸ்கள் மறைந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். காசு கொடுத்தவரையே திருடனாக நடத்தியது அநியாயம். ஆனாலும் அவர்கள் தவறு நம் தவறை நியாயமாக்காது.

"வசதி இல்லையே அண்ணே?" என்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. லிப்ரெஆபிஸ், கிம்ப் போன்றவற்றைச் செய்தவர்களே நகல் எடுக்கவும் நண்பனுக்குக் கொடுக்கவும் அனுமதி தந்திருக்கிறார்கள். அங்கே பகிர்வது நல்ல காரியம். அனுமதி இல்லாத இடத்தில் அதே செயல் களவு. வித்தியாசம் விலையில் இல்லை, அனுமதியில் இருக்கிறது.

கிளைக் கணினியில்தான் சமய வகுப்புக் குறிப்புகளைத் தட்டச்சு செய்கிறோம். அதற்குள்ளேயே பூட்டு உடைத்த மென்பொருள் இருந்தால், சின்னப் பிள்ளைகளுக்குக் கள்ளாமையை எந்த முகத்தோடு சொல்லித் தருவது?

இந்த வாரப் பயிற்சி: உங்கள் கிளைக் கணினியில் உள்ள மென்பொருள்களை மூன்று வரிசையாக எழுதுங்கள். காசு கொடுத்து உரிமம் வாங்கியவை, செய்தவரே இலவசமாகக் கொடுத்தவை, இரண்டிலும் சேராதவை. மூன்றாவது வரிசையில் உள்ளதை நீக்கிவிட்டு, பட்டியலோடு அடுத்த வகுப்புக்கு வாருங்கள். மாற்று என்ன என்பதைச் சேர்ந்தே தேடுவோம்.