வன்னியில் நெரிசலைத் தவிர்க்கும் பாதைகள்

விடுமுறைக் காலத்தில் ஏ9 வீதியின் நெரிசல் வவுனியா, கிளிநொச்சி நகரங்களிலேயே அதிகம். அதைத் தவிர்க்கும் மாற்றுவழிகள்:

• முல்லைத்தீவுக்கு: மாங்குளம் சந்தியில் கிழக்கே திரும்பி, ஏ34 வீதியில் ஒட்டுசுட்டான் வழியாகச் செல்லலாம். கிளிநொச்சி நகரைத் தொடத் தேவையில்லை.

• அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு: புதுக்குடியிருப்பு, விசுவமடு ஊடான ஏ35 வீதி, கிளிநொச்சிக்கு வடக்கே பரந்தனில் ஏ9 வீதியுடன் சேர்கிறது.

• தெற்கிலிருந்து நேரே யாழ்ப்பாணத்துக்கு: மதவாச்சியில் ஏ14 வீதிக்குத் திரும்பி, மன்னார்ப் பாலத்துக்கு முன்னர் ஏ32 வீதியைப் பிடித்தால் இரு நகரங்களும் விலகும். பூநகரியைக் கடந்து, 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் வழியாக நாவற்குழியை அடையலாம். தூரம் கூடுதல், பெற்றோலை முன்பே நிரப்புவது நல்லது.

• ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய மடுத் திருவிழா நாட்களில் ஏ14 வீதியைவிட ஏ9 வீதியே உகந்தது.

• பொழுதுபட்டபின் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். பகல் பயணமே பாதுகாப்பு.